சத்தத்தை அமுக்கிய ஆயில்

அந்த ஒர்க்‌ஷாப்பில் இரண்டே பேர். என்ஜினைப் பிரிப்பது மனைவி, வருகிறவர்களிடம் பேசுவது கணவன். அக்கம்பக்கத்தில் அவளுக்கு வெடி என்று பேர், அவனுக்குப் பஞ்சு. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறீர்களே, என்றைக்காவது பற்றிக்கொள்ளாதா என்று எதிர்வரிசைப் பஞ்சர் கடைக்காரர் கேட்டுச் சிரிப்பார். வருஷக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை. ஆனது அந்தக் குளிர்காலத்தில்தான்.

வெடிக்குக் கோபம் புதிது இல்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சேர்ந்தபோது, அவளை முன்னால் மேஜையில் உட்காரவைத்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள் சிரித்தாள். பிறகு ஒருநாள் சக்கரம் உறுமுகிறது என்று வந்த ஒருவரிடம் மேனேஜர், இதெல்லாம் எல்லா வண்டியிலும் வருவதுதான், போகப்போகப் பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் மேஜையிலிருந்தே, பேரிங் போயிருக்கு சார், பழகுறதுக்குள்ள சக்கரம் கழண்டுரும் என்று சொல்லிவிட்டாள். தண்டனையாக அவளை உள்ளே ஒர்க்‌ஷாப்பில் தள்ளினார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான்.

பஞ்சு அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இருந்தான். அவள் யாரிடமாவது கத்திவிட்டுப் போனால், பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவான். எதிராளியின் தோளில் கைபோட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தீராத சண்டை கிடையாது என்பது அவன் எண்ணம். அவளுக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் வசதியாக இருந்தது, அதற்கும் அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டது. தனியாகக் கடை போட்டபோது வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளப் பேச்சே தேவைப்படவில்லை. அவள் கையில் ஸ்பேனர், அவன் வாயில் சர்க்கரை.

பஞ்சுவுக்கு ஒரு தம்பி. பழைய கார்களை வாங்கி விற்கிறவன். வெள்ளைச் சட்டை, வாசனை, எப்போதும் காதில் போன். வெடியை அவன் வாய் நிறைய அண்ணி, அண்ணி என்பான். அவளுக்கும் அவன்மேல் பாசம்தான். வா, போ என்று உரிமையாகப் பேசுவாள். அவன் கொண்டுவருகிற கார்களைப் பார்த்துக் கொடுப்பாள். இது தேறும், இது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். தேறாது என்று அவள் சொன்ன கார் பிறகு எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை.

ஒருநாள் மதியம் ஒரு சின்ன நீல நிறக் கார் வேகமாக உள்ளே வந்து நின்றது. இறங்கியவள் ஒரு நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ட்யூப் மாற்றிவிட்டு வருகிற வேலை. விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாய்கிறவரை காரிலேயேதான். கதவை அறைந்து சாத்திவிட்டு நேராக வெடியிடம் வந்தாள்.

"இந்த வண்டிய நீங்கதான் பாத்துக் குடுத்தீங்களாமே. என்னத்தப் பாத்தீங்க?"

வெடி காரைப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. அப்படியே சொன்னாள். நர்ஸ் நம்பவில்லை. எங்க அண்ணி கையால பிரிச்சுப் பாத்த வண்டி, கண்ண மூடிக்கிட்டு எடுங்க என்று சொல்லித்தானே உங்கள் கொழுந்தன் விற்றான், இப்போது நீங்கள் கையை விரிக்கிறீர்களா என்று கேட்டாள். காலையில் ஸ்டார்ட் செய்தால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வருகிறதாம். வாங்கிய புதிதில் இல்லை. குளிர் ஆரம்பித்ததிலிருந்து வருகிறது, ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிறது.

வெடியின் காது மடல் சிவந்தது. அவள் பார்க்காத காரை அவள் பார்த்ததாகச் சொல்லி விற்றிருக்கிறான். ஆனாலும் முதலில் வண்டி, பிறகு வம்பு. சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்தாள். ஓடி வந்த சூட்டில் என்ஜின் பூனைமாதிரி மெல்ல இழைந்து ஓடியது. சத்தமே இல்லை.

பஞ்சு அதற்குள் சிரித்த முகமாக வந்து நின்றுவிட்டான். பாருங்க சிஸ்டர், ஒண்ணுமே இல்லையே, குளிருக்கு எல்லா வண்டியும் கொஞ்சம் முனகத்தான் செய்யும், மனுஷனுக்கே மூட்டு வலிக்கிறது இல்லையா என்று ஆரம்பித்தான். வெடி திரும்பி அவனைப் பார்த்தாள். வேலை வருகிறது என்றால் முன்னால் நிற்கிற ஆள், வந்த வேலையை வாசலோடு திருப்பி அனுப்பப் பார்க்கிறான். அது அவளுக்கு உறுத்தியது. அப்போது அதற்குமேல் யோசிக்கவில்லை.

"வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க சிஸ்டர்," என்றாள். "ராத்திரி பூரா ஆறட்டும். காலையில நீங்களும் வாங்க, சேர்ந்து கேப்போம்."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து நிற்கையில், வெடி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். கரகரவென்று ஒரு சத்தம், என்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து, எலும்பில் இரும்பு உரசுவதுபோல. பஞ்சர் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அது தேய்ந்து குறையத் தொடங்கியது; முழுக்க அடங்குவதற்குள் வெடி என்ஜினை நிறுத்தினாள். நான் சொல்லலையா என்கிற மாதிரி நர்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

வெடிக்கு அது என்ன என்று அநேகமாகத் தெரிந்துவிட்டது. ஆனால் அநேகமாக என்பதை வைத்து யாருடைய என்ஜினையும் அவள் பிரித்ததில்லை. வெளியே ஓடுகிற பெல்ட்டின் உருளை தேய்ந்திருந்தாலும் இப்படிக் கத்தும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தாள். சூடு ஏறாததால் சத்தம் மிச்சமிருந்தது. ஆக பெல்ட் இல்லை. சைலன்ஸருக்கு மேலே இருக்கிற தகட்டை ஆட்டிப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, டாக்டர் நெஞ்சைப் பார்ப்பதுபோல இடம் இடமாக நகர்த்தினாள். டைமிங் செயின் ஓடுகிற பக்கம், டென்ஷனர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. ஸ்குரூ டிரைவரை நர்ஸ் கையில் கொடுத்து அவளையும் கேட்கச் சொன்னாள். கேட்டதும் நர்ஸின் முகத்திலிருந்த சந்தேகம் கொஞ்சம் இறங்கியது. தன்னை ஏமாற்றுகிறவள் தன் காதிலேயே கொண்டுவந்து வைக்க மாட்டாள் என்று பட்டிருக்க வேண்டும்.

விஷயத்தை வெடி அவளுக்கு விளங்கச் சொன்னாள். என்ஜினுக்குள் கீழே சுற்றுகிற தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுகளையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது ஒரு செயின். சைக்கிள் செயின் மாதிரிதான். அது தொங்கிவிடாமல் ஒரு பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டே இருப்பது டென்ஷனர். அதற்குத் தெம்பு ஆயிலின் அழுத்தத்திலிருந்து வருகிறது. அது சோர்ந்துபோனால் செயின் தொங்கி, சுவரில் அடித்துக்கொள்ளும். ஒரு பல் தாவிவிட்டால், வால்வும் பிஸ்டனும் மோதி ஓடுகிற வண்டி ஓடுகிற இடத்திலேயே நின்றுவிடும்.

"எந்த இடத்துல நிக்கும்னு சொல்ல முடியாதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"முடியாது."

நர்ஸ் வேறு எதுவும் கேட்காமல் பஸ்ஸுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் பையை நிரப்பிக்கொண்டு, அன்றைக்கு எல்லா வீடுகளுக்கும் அவள் பஸ்ஸில்தான் போயாக வேண்டும்.

வெடி காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் தட்டை வைத்து, ஆயிலைத் திறந்துவிட்டாள். தண்ணீர்போல இறங்க வேண்டிய ஆயில், விழ மனசில்லாமல் கயிறுகயிறாகத் தொங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். 

அந்த ஆயில் அவளுக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பின் பின்சுவர் ஓரம் நிற்கிற பச்சை டிரம்மில் இருப்பது. தேய்ந்துபோன பழைய சரக்கு வண்டிகளுக்காக வாங்கி வைத்த கெட்டி ஆயில். இந்தச் சின்ன என்ஜினில் யாரும் அதை ஊற்ற மாட்டார்கள், ஒரு காரணத்துக்காகத் தவிர. சூடாக ஓடுகிறபோது கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கிக் காட்டும். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கிற நேரத்துக்கு என்ஜின் வாயைப் பொத்திக்கொள்ளும். ஆனால் குளிரில் அந்தக் கெட்டி ஆயில் டென்ஷனருக்குப் போய்ச் சேரவே நேரமாகும். அதுவரை செயின் அனாதையாகக் கிடந்து அடிபடும். நோயை மறைக்கக் கொடுத்த மருந்தே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

டிரம்மின் சாவி பஞ்சுவின் இடுப்பில் தொங்குவது.

பஞ்சு முன்னறையில் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். வெடி போய் எதிரில் நின்றாள். ஆயில் ஒட்டிய விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் போனை வைத்தான். முகம் செத்துப்போயிற்று. எதுவும் கேட்பதற்கு முன்பே அவன் பதில் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு எல்லாம் புரிந்தது. தம்பி ஒரு கேன் கேட்டான், கொடுத்தேன். எதற்கென்று கேட்டாயா என்றாள். ஏதோ ஒரு வண்டி, கொஞ்சம் சத்தம் போடுகிறது, வாங்க ஆள் வருகிறது, அதுவரைக்கும் என்றான். விற்றபிறகு நல்லபடியாகச் சரிசெய்து கொடுத்துவிடுவதாகத்தான் சொன்னான், நீ கத்துவாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை, குடும்பத்துக்குள் எதற்குச் சண்டை என்று இழுத்தான்.

வெடியைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவள் கத்துகிறவரை பயமில்லை. குரல் இறங்கி, மரியாதை ஏறினால்தான் ஆபத்து.

"நீங்க பண்ணது தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெரிஞ்சதாலதான் மறைச்சிருக்கீங்க. உங்க தம்பிய வரச் சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீங்கள் என்று சொன்னதில்லை. பஞ்சு உடனே போனை எடுத்தான்.

தம்பி வந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு, என்ன அண்ணி, காலையிலேயே சூடா இருக்கீங்களாமே என்றான்.  அவனைக் கூட்டிக்கொண்டுபோய்த் தட்டில் கிடந்த ஆயிலைக் காட்டினாள். அதற்குள் என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியை, சம்ப்பை, கழற்றியிருந்தாள். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன, உடைந்த பற்கள்போல. செயினைத் தாங்குகிற கைடு நொறுங்கி விழுந்த துண்டுகள். அதில் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் பட்டுவிடாமல் அவன் கையைத் தள்ளிப் பிடித்தான்.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. இவனுக்குச் சட்டை அழுக்காகக் கூடாது. ஒருத்தி நோயாளிகளுக்கான சாமான்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்திருக்கிறாள், இந்தப் பிளாஸ்டிக் துண்டை நம்பி.

தம்பி சப்பைக்கட்டு கட்டினான். பழைய வண்டி என்றால் ஏதாவது இருக்கத்தான் செய்யும் அண்ணி, எல்லாருமே இப்படித்தான் விக்கிறாங்க, வாங்குறவங்களும் தெரிஞ்சேதான் வாங்குறாங்க என்றான்.

"தெரிஞ்சு வாங்குனாங்களா? நீங்க சொல்லி வித்தது என் பேர. நான் பிரிச்சுப் பாத்த வண்டின்னு சொல்லியிருக்கீங்க. அந்தம்மா நேத்து வந்து என் மூஞ்சியில துப்பாத குறை. நான் பண்ணாத தப்புக்கு என் கடையில நின்னு நான் திட்டு வாங்கியிருக்கேன். சாயந்திரம் அவங்க வருவாங்க. என்ன பண்ணீங்கன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

நீங்க, நீங்க என்று அவள் சொல்லச் சொல்ல அவன் நிறம் மாறிக்கொண்டே வந்தது. அண்ணனைப் பார்த்தான். எந்தச் சண்டையிலும் நடுவில் வந்து நிற்கிற அண்ணன், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அப்புறமா வர்றேன் என்று தம்பி நகரப் பார்த்தபோது, வெடி அவன் கார் சாவியைக் கேட்டாள். சிஸ்டரின் வண்டி தயாராகிறவரை சிஸ்டர் ஓட்டுவது உங்கள் வண்டி, மாற்ற வேண்டிய சாமான் மொத்தமும் உங்கள் கணக்கு என்றாள்.  அவன் சாவியை மேஜையில் வைத்தான்.

சாயந்திரம் நர்ஸ் வந்தாள். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பில் முகம் கறுத்திருந்தது. தம்பி சொன்னான். முதலில் சுற்றிவளைத்தான். வெடி தொண்டையைச் செருமினாள். பிறகு நேராகச் சொன்னான். ஆயில் எங்கள் டிரம்மிலிருந்து போனது, நான்தான் கொடுத்தேன் என்று பஞ்சுவும் சொன்னான், யாரும் கேட்காமலே. நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கத்தவில்லை, அழவில்லை.

"போன வாரம் ஒரு பெரியவர இந்த வண்டியில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்," என்றாள் தம்பியிடம். "ஆம்புலன்ஸ் வரலை. மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. வழியில நின்னிருந்தா நான் அவர் பொண்ணுகிட்ட என்ன சொல்லியிருக்கணும்?"

  நர்ஸ் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவன் காரை ஓட்டிக்கொண்டு போனாள். அவன் பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டதாக அவர் பிறகு பலநாள் சொல்லிச் சிரித்தார்.

சாமான் வந்துசேர்ந்ததும் வெடி வேலையில் இறங்கினாள். பஞ்சு லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஸ்பேனர் என்றால் ஸ்பேனர், துணி என்றால் துணி, அவ்வளவுதான் பேச்சு. தண்டுகளைக் குறிக்குக் குறி நேராக நிறுத்தி, அசையாமல் பூட்டி, பழைய செயினை உருவினாள். புதிய செயினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தபோது பழையது நீண்டுபோயிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. பழைய டென்ஷனரின் தண்டு எட்டுகிற மட்டும் வெளியே வந்து, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றிருந்தது. அதன் சின்ன ஆயில் துவாரத்தில் களிம்புபோல அடைப்பு. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் புதிதாகப் பொங்கியது. அடிக்கிற சுத்தியலில், இறுக்குகிற போல்ட்டில், தூக்கிப் போடுகிற இரும்பில் எல்லாம் அது தெரிந்தது. நர்ஸின் கேள்வி காதைவிட்டுப் போகவில்லை. லைட்டைப் பிடித்து நிற்கிற இவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லுவான், டீ வாங்கிக் கொடுப்பானா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே புதிய கைடுகளை மாட்டினாள், புதிய டென்ஷனரை உட்காரவைத்தாள், இறுக்கினாள். முன்பக்க மூடியின் விளிம்பில் பசையைத் தடவி, தூக்கி, வைக்கப் போனாள்.

"பின்னு," என்றான் பஞ்சு.

அவளுக்குக் கை நின்றது.

புதிய டென்ஷனர் வரும்போது அதன் தண்டை உள்ளே அமுக்கி, ஒரு சின்னக் கம்பியால் பூட்டி அனுப்புவார்கள். மாட்டியபிறகு அந்தக் கம்பியை உருவினால்தான் தண்டு பாய்ந்து செயினை அழுத்தும். கம்பி அப்படியே இருந்தது. பஞ்சு பிடித்திருந்த லைட்டில் பளபளவென்று மின்னியது. அப்படியே மூடி ஸ்டார்ட் செய்திருந்தால், தம்பி ஊற்றிய ஆயில் செய்யாமல் விட்டதை அவள் கை செய்து முடித்திருக்கும்.

மூடியைக் கீழே வைத்தாள். கம்பியை உருவினாள். டக்கென்று தண்டு பாய்ந்து செயினைப் பிடித்தது. தண்டுகளின் பூட்டை எடுத்து, என்ஜினைக் கையாலேயே சுற்றி, குறிகள் மறுபடி நேராக வந்து நிற்கின்றனவா என்று பார்த்தாள். நின்றன. பசையைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவினாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. யார்மேல் கோபத்தில் கண் மறைத்ததோ, அவன் கண்ணாலேயே தப்பித்தோம் என்பது அவளுக்கு இன்னும் எரிந்தது.

மூடியை இறுக்கிய பிறகுதான் பேசினாள்.

"இதச் சொன்ன வாய், அன்னைக்கு ஏன் சொல்லலை?"

பஞ்சு லைட்டின் ஒயரைச் சுற்றிக் கீழே வைத்தான். உன் கோபத்துக்குப் பயந்தேன் என்று முன்பு சொன்னது பொய் என்றான். தம்பியிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை, சின்ன வயதிலிருந்தே இல்லை, அதற்கு உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். சரி என்றோ, போகட்டும் என்றோ சொல்லவில்லை.

சரியான ஆயிலை ஊற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சும்மா சுற்றவிட்டு, டென்ஷனருக்கு ஆயில் ஏறுகிறவரை காத்திருந்து, பிறகு பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். முதலில் ஒரு சின்ன முனகல், உடனே அமைதி. ஆனால் வெடி அதை வைத்து நர்ஸைக் கூப்பிடவில்லை. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, குளிர்ந்த காலையில் நர்ஸையே சாவியைத் திருப்பச் சொன்னாள். என்ஜின் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது. நர்ஸ் தானே ஸ்குரூ டிரைவரைக் கேட்டு வாங்கி, அதே இடத்தில் வைத்துக் காதைக் கொடுத்தாள். தலையை ஆட்டினாள். வெடியிடம் அன்றைக்குக் கத்தியதற்கு வருத்தம் தெரிவித்தாள். வெடி, நானா இருந்தா இன்னும் கத்தியிருப்பேன் சிஸ்டர் என்றாள். பஞ்சு டீ கொண்டுவந்து நீட்டியபோது, நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவன் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு கார் தெருமுனை திரும்புகிறவரை நின்றான்.

வீட்டில் அந்த மாதம் முழுக்க இறுக்கமாகவே போனது. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. தம்பி சில தடவை போன் செய்தான். வெடி எடுக்கவில்லை. அவன் மனைவி வந்து, அவருக்கு ஆயிரம் குறை இருந்தாலும் உங்கள் கொழுந்தன்தானே அக்கா என்று சொல்லிப் பார்த்தாள். அதனால்தான் இன்னும் போலீஸுக்குப் போகவில்லை என்று வெடி சொன்னதும், அவள் கொண்டுவந்த பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

கோடை தொடங்கிய சமயம் தம்பி ஒரு காரோடு ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்தான். வெடி ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். அவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் குடும்பத்து ஆள் பஞ்சுவிடம், உங்கள் தம்பி கொடுக்கிற வண்டி, நம்பி வாங்கலாமா என்று கேட்டார். தம்பி முந்திக்கொண்டு சிரித்தான். எப்போதும்போல ஒரு கணம் எல்லாரும் பஞ்சுவின் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

நான் அந்த வண்டியைப் பார்க்கவில்லை, எங்கள் கடையில் யாரும் பார்க்கவில்லை, வேறு எங்காவது காட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று பஞ்சு சொன்னான். குரல் பிசிறியது, ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தான். தம்பி அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டான். பஞ்சு அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கால்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தம்பியின் பளபளப்பான ஷூ கடைசியாகப் போயிற்று.

லாரிக்கு அடியில் வெடி அப்படியே கிடந்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான், கையிலிருந்த போல்ட்டை அவள் அடிக்காமல், அறையாமல், இறுக்க வேண்டிய அளவுக்கு மட்டும் இறுக்கினாள்.